அந்த 14 வயதுப் பெண்ணின் பக்கம் நிற்கிறேன்

நடுவர் ஐயாவுக்கும், இரண்டு அணியினருக்கும், இந்தக் குளிரிலும் அரங்கை நிறைத்திருக்கும் லண்டன் தமிழ்ச் சொந்தங்களுக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பிள்ளையின் வாழ்க்கையை உருவாக்குவது பெற்றோரின் திட்டமா, பிள்ளையின் விருப்பமா? விருப்பமே என்பது எங்கள் கட்சி. எங்கள் அணித் தலைவர் பேசும்போது கரோலின் சிகேசி என்ற நடிகையைப் பற்றி இரண்டு வரி சொன்னார். உடனே எதிரணி அக்கா எழுந்து என்ன சொன்னார்? "ஆஸ்பத்திரி நடத்த வேண்டிய பெண், உடம்பெல்லாம் தகரம் மாட்டிக்கொண்டு டிவியில் வந்து, ஒரே எபிசோடில் சுடப்பட்டுச் செத்தாள். இதற்கா படிப்பை விட்டாள்?" நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலுக்குப் பதில் சொல்லாமல் நான் உட்கார மாட்டேன்.

கதையை முதலிலிருந்து கேளுங்கள். கரோலின் இங்கிலாந்தில் பிறந்தவர். பெற்றோர் நைஜீரியாவின் இக்போ இனத்தவர். அப்பாவுக்கு அங்கே சொந்தமாக ஆஸ்பத்திரி. மகள் படித்து வந்து அதை ஏற்று நடத்த வேண்டும் என்பது வீட்டின் திட்டம். மகளோ இத்தாலியா கான்ட்டி நாடகப் பள்ளியில் வார இறுதி வகுப்புக்குப் போக ஆரம்பித்தாள். வாரமெல்லாம் பள்ளிக்கூடம், மிச்சமிருந்த சனி ஞாயிறுதான் நடிப்புக்கு. வீட்டில் என்ன செய்தார்கள்? நைஜீரியாவுக்கு அனுப்பி விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். வயது 14!

இதை இன்னொரு தடவை சொல்கிறேன், ஐயா, மணியை அடித்துவிடாதீர்கள். நடிப்பு ஆசை போகட்டும் என்று ஒரு பிள்ளையைக் கண்டம் விட்டுக் கண்டம் அனுப்பினார்கள். திட்டம் திட்டம் என்றாரே அக்கா, இதைவிடக் கச்சிதமான திட்டம் உண்டா? நாடகப் பள்ளி இருப்பது இங்கே. பிள்ளையைக் கொண்டுபோய் வைத்தது அங்கே. நடுவில் சகாரா பாலைவனம், அதைத் தாண்டி மத்தியதரைக் கடல். ஆசை என்ன, நீந்தியா வரும்?

வந்தது, ஐயா! அவள் திரும்பி வந்தபோது கூடவே வந்தது. ப்ரூனெல் பல்கலைக்கழகத்தில் மருந்து வேதியியல் படிக்கச் சேர்ந்தார். சரி, திட்டம் ஜெயித்துவிட்டது என்று யாரும் நினைத்திருப்பார்கள். பாதியில் விட்டார். அப்புறம் ஆல்ரா நாடகக் கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் வாங்கினார். உதவித்தொகை யாருக்குக் கிடைக்கும் என்று இந்த அரங்கில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

இப்போது அந்தத் தகரத்துக்கு வருகிறேன். அக்கா சொன்னது 2006-ல் பிபிசியில் வந்த 'டார்ச்வுட்' தொடர். அதன் முதல் பருவத்தில் லிசா ஹாலெட் என்ற பாத்திரம். பாதி மனுஷி, பாதி இயந்திரம். அவளைக் காதலிக்கும் இயாண்டோ, அவளை கார்டிஃப் நகருக்கு அடியில் உள்ள ரகசிய நிலையத்தின் அடித்தளத்தில், யாருக்கும் தெரியாமல் உயிரோடு வைத்திருக்கிறான். காப்பாற்ற ஒரு மருத்துவ நிபுணரை அழைத்து வருகிறான். அவரையே அவள் கொன்றுவிடுகிறாள். கடைசியில், பீட்சா கொடுக்க வந்த பெண்ணின் உடம்புக்குத் தன் மூளையை மாற்றிக்கொண்டு வந்து, நான்தான் உன் லிசா என்று நிற்கிறாள். அவனுக்கு எப்படி இருக்கும்?

அக்கா, அந்தத் தகரத்தை மறந்துவிட்டு அந்த முகத்தை மட்டும் ஒரு தடவை பாருங்கள். உடம்பை உலோகம் பிடித்துவிட்டது. நடிக்க மிச்சம் இருப்பது கண்ணும் குரலும். ஒரு நொடி அவனுடைய காதலியாக இருக்க வேண்டும், அடுத்த நொடி அவனைத் தெரியாத இயந்திரமாக மாற வேண்டும். ஒரே எபிசோடு என்றீர்களே, அந்த ஒரே எபிசோடைத்தானே இத்தனை வருஷம் கழித்து, இத்தனை பேர் நடுவில், நீங்களே நினைவு வைத்துச் சொன்னீர்கள்!

இன்னொன்றும் சொல்கிறேன், இது எனக்கு மிகவும் பிடித்தது. அடுத்த வருஷம், 2007-ல், 'சூப்பர்நேச்சுரல்' என்ற அமெரிக்கத் தொடரில் டமாரா என்ற வேட்டைக்காரியாக வருகிறார். பேய் பிசாசை வேட்டையாடும் தம்பதி. கண்ணெதிரே கணவன் சாகிறான். பிறகு அவன் உடம்புக்குள் புகுந்த ஒன்று வாசலில் வந்து நின்று அவளைக் கூப்பிடுகிறது. டார்ச்வுட்டில் காதலனுக்கு என்ன நேர்ந்ததோ அதே நிலைமை இங்கே இவருக்கு. அங்கே வாசலுக்கு அந்தப் பக்கம் நின்றவர், இங்கே இந்தப் பக்கம் நிற்கிறார். இரண்டு பக்கமும் நின்று நம்மை நம்ப வைத்தவரைப் பார்த்து, இதற்கா படிப்பை விட்டாள் என்று கேட்கலாமா?

சேனல் 4-இன் 'ஆஸ் இஃப்' தொடரில் சாஷா, 'ஃபுட்பாலர்ஸ் வைவ்ஸ்' தொடரில் எலெய்ன் ஹார்டி, 'ஷன்னாரா'வில் ராணி, 'பவர்' வரிசைத் தொடரில் நோமா. இருபது வருஷத்துக்கு மேலாக வேலை நிற்கவில்லை. பட்டியல் போதும்.

பெற்றோரை நான் வில்லன் ஆக்குவதாக அக்கா வருத்தப்பட்டார். இல்லை, அக்கா. 1967 முதல் 1970 வரை நைஜீரியாவில் நடந்த உள்நாட்டுப் போரை, பயாஃப்ரா போரை, இக்போ மக்கள் பட்டினியோடு கடந்தார்கள். போர் முடிந்தபோது, வங்கியில் எவ்வளவு போட்டு வைத்திருந்தாலும் கைக்கு வந்தது 20 பவுண்டுதான். வீடு போகும், காசு போகும், படித்த படிப்பு மட்டும் போகாது என்று நம்பிய ஒரு தலைமுறை அப்படித்தான் உருவானது. அந்தப் பயத்தை இந்த அரங்கில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதே இக்போ முதியவர்கள் சொல்லி வைத்ததும் ஒன்று உண்டு: ஒருவன் ஆம் என்றால், அவனோடு பிறந்த தெய்வமும் ஆம் என்னும். யார் முதலில் ஆம் சொல்ல வேண்டும் என்கிறார்கள்? அவனேதான்!

ஐயா, வாதத்தை விடுங்கள். நான் அந்தப் பிள்ளையை நினைக்கிறேன். 14 வயது. பிறந்த ஊர் இது, பேசிய பேச்சு இது, தோழிகள் இங்கே. ஒரு நாள் எல்லாம் இல்லை. ஆசைப்பட்டது திருட்டா? பொய்யா? நடிக்க வேண்டும் என்றாள், அவ்வளவுதான். அந்த விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, தப்பு செய்துவிட்டோமோ என்று ஒரு பிள்ளை தன்னையே கேட்டிருந்தால், அதற்கு யார் பதில் சொல்வது?

அம்மா, அப்பா, பின்வரிசையில் உங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். என்ன ஆக ஆசை என்று இன்று ராத்திரி காரில் போகும்போது கேளுங்கள். டாக்டர் என்றால் சந்தோஷப்படுங்கள். நடிகை என்றாலும் அதே முகத்தோடு கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை கண்ணாடியில் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

தீர்ப்பை எங்கள் அணிக்குத் தாருங்கள், ஐயா. வணக்கம்.