கயிற்றில் தொங்கியவர்கள் போட்ட சாலை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மலைப் பூங்காவை உருவாக்கியதில் பெரும்பங்கு திட்டம் தீட்டியவர்களுக்கா, உடல் உழைத்தவர்களுக்கா என்பது இன்றைய வழக்கு. உழைத்தவர்களுக்கே என்று வாதாட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் அமெரிக்காவின் மொன்டானாவில் உள்ள கிளேசியர் தேசியப் பூங்காவை எடுத்துக்காட்டினார். நானும் அதே மலைக்கே உங்களை அழைத்துப் போகிறேன்.

1910-இல் அது தேசியப் பூங்காவானது. மலையைக் குறுக்கே கடக்கும் சாலைக்கு முதலில் போட்ட திட்டத்தில் 15 கொண்டை ஊசி வளைவுகள் இருந்தன. தாமஸ் விண்ட் என்ற வடிவமைப்பாளர் ஒரே ஒரு வளைவு போதும், மற்றபடி சாலை மலைச்சரிவை ஒட்டியே போகலாம் என்றார். தேசியப் பூங்காத் துறையின் இயக்குநர் ஸ்டீபன் மாதர், செலவு கூடும் என்று தெரிந்தும் அதை ஏற்றார். மலையின் முகம் கீறப்படாமல் காத்த அந்த முடிவை நானும் வணங்குகிறேன். ஆனால் காகிதத்தில் அந்தக் கோட்டை இழுக்கப் பென்சில் போதும். செங்குத்தான பாறையில் அதை யார் இழுத்தார்கள்?

1924-இன் இலையுதிர்காலம். பொறியாளர் ஃபிராங்க் கிட்ரெட்ஜ் முப்பது சொச்சம் ஆட்களோடு நில அளவைக்குப் போனார். பனி மூடுவதற்குள் முடித்தாக வேண்டும். கால் வைக்க இடமில்லாத பாறைமுகத்தில் ஆட்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டு அளவெடுத்தார்கள். அந்த மூன்று மாதத்தில் 300 சதவீதம் ஆட்கள் மாறினார்கள்; அதாவது, சராசரியாக ஒவ்வோர் ஆளின் இடத்திலும் மூன்று முறை வேலையை விட்டுப் போய்ப் புது ஆள் வந்தார்.

எதிரணியினர் உடனே கேட்பார்கள்: வேலையை விட்டு ஓடியவர்களுக்கா பெருமை? ஐயா, ஓடியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் தொங்கினாலும் தொங்கியவன் தொங்கியவன்தான். அவன் விட்டுப்போன கயிற்றை மறுநாளே இன்னொருவன் பிடித்தானே, அதனால்தான் அளவை முடிந்தது. கிட்ரெட்ஜும் அவர்களோடு மலையில்தான் நின்றார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவரை எங்கள் அணியில் சேர்த்துக்கொள்கிறோம்.

அடுத்து, கிழக்குச் சரிவின் சுரங்கப்பாதை. நீளம் 408 அடி. அங்கே இயந்திரங்களைக் கொண்டுசெல்ல வழியில்லை. வெடிவைத்து உடைத்த கல்லை எல்லாம் மனிதக் கைகளே அள்ளி வெளியேற்றின. நாளெல்லாம் பாடுபட்டால் சுரங்கம் ஐந்தடி சொச்சம் முன்னேறும். நடுவர் அவர்களே, நீங்கள் அமர்ந்திருக்கும் இந்த மேசையின் நீளத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் முழுவதும் புழுதியை விழுங்கி, விரல் நகம் பெயர்ந்து, கிடைத்த நீளம் ஏறக்குறைய அவ்வளவுதான். மறுநாள் காலையில் அந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

அந்தச் சாலை 1933 ஜூலை 15 அன்று 6,646 அடி உயரத்தில் உள்ள லோகன் கணவாயில் விழா எடுத்துத் திறக்கப்பட்டது. கட்டுமானத்தில் உயிரிழந்த மூன்று தொழிலாளர்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை. திட்டம் தவறினால் வேறொரு காகிதம் எடுக்கலாம்; எடுத்தார்கள், 15 வளைவு ஒன்றானது. பாறையில் பிடி தவறியவனுக்கு அந்த வாய்ப்பு ஏது?

நடுவர் அவர்களே, அந்த மூவரையும் மனத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.