ராணுவக் கூடாரத்தைத் தின்ற பூஞ்சையும் தோவாளை மாணிக்க மாலையும்

(காட்சி: கொடியில் தொங்கும் வெள்ளைத் துண்டு, அதில் கரும்புள்ளிகள்)

வணக்கம். ஐப்பசி மழையில் நான்கு நாள் வெயில் காணாமல் எங்கள் வீட்டுக் கொடியில் கிடந்த துண்டு இது. நாம் இதைக் கரித்துணியாக்கிவிட்டு மறந்துவிடுவோம். ஆனால் இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் தன் பருத்திக் கூடாரங்கள் மக்கி உதிர்வதைக் கண்ட அமெரிக்க ராணுவம், அவற்றை மக்கவைத்த பூஞ்சையைப் பிடித்துச் சோதனைக்கூடத்தில் வளர்த்தது. ஜீன்ஸ் துணியைப் பழசுபோல வெளுக்க வைக்கும் நொதியை இன்று தயாரித்துத் தருவது அதே பூஞ்சையின் வழித்தோன்றல்தான்!

வரலாற்றை விரைவாகக் கடந்துவிடுவோம். பூஞ்சையின் பெயர் டிரைக்கோடெர்மா ரீசி. அதை ஆராய்ந்த எல்வின் ரீஸின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. தொழிற்சாலைகளில் இன்று வளரும் ரீசி வகைகள் ஏறத்தாழ அனைத்தும் கூடாரத்தில் பிடித்த கியூஎம்6ஏ என்ற அந்த ஒரே மூலத்திலிருந்து வந்தவை. நம் ஊர் வாழைத் தோட்டங்களில் சாணத்தோடு கலந்து போடும் டிரைக்கோடெர்மா விரிடி இதற்குச் சொந்தக்காரன்.

தொழிற்சாலைக்கெனத் தேர்ந்தெடுத்த ரீசி வகை ஒன்று, ஒரு லிட்டர் வளர்ப்பு நீரில் 100 கிராமுக்கு மேல் புரதத்தைச் சுரக்கிறது. முட்டையின் வெள்ளைக்கருவில் இருக்கும் புரதச் செறிவும் ஏறத்தாழ அவ்வளவுதான். அதாவது, இந்தப் பூஞ்சை தான் வாழும் தண்ணீரையே வெள்ளைக்கருவாக மாற்றிவிடுகிறது.

(காட்சி: விடியற்காலைத் தோவாளைப் பூச்சந்தை, மாலை கட்டும் விரல்கள்)

இதை எப்படிச் செய்கிறது என்பதற்குத்தான் இன்று தோவாளைக்கு வந்திருக்கிறேன். மாணிக்க மாலை கட்டுவதை அருகில் நின்று பாருங்கள். அரளிப் பூவை அப்படியே கோப்பதில்லை. ஒவ்வொரு பூவையும் மடித்து, நொச்சி இலையோடு வரிசை பிசகாமல் நாரில் பின்னுகிறார்கள். ஒரு மடிப்பு தவறினாலும் அந்த இடம் மேடு தட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். புரதமும் இப்படித்தான். மரபணுவின் செய்தியைப் படித்து நூல்போல நீளும் சங்கிலி, உயிரணுவுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலை என்ற அறைக்குள் நுழைந்து சரியாக மடிந்த பிறகே வெளியே போக முடியும். அங்கே பிப் என்ற உதவிப் புரதம் மடியாத சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் தாங்கிப் பிடிக்கிறது. பிடிஐ என்ற இன்னொன்று கந்தக அணுக்களை இணைத்து முடிச்சுப் போடுகிறது. பிறகு நுண்பைகளில் ஏறிப் பூஞ்சை இழையின் நுனி வரை பயணம்.

இனி ஓணச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் மடிக்கும் இடத்தில் நூறு பேருக்கான பூ வந்து குவிந்தால் என்ன ஆகும்? மடியாத பூக்கள் வாடி ஒன்றோடொன்று ஒட்டும். உயிரணுவில் அப்போது விழித்துக்கொள்ளும் மேற்பார்வையாளரின் பெயர் ஐஆர்ஈ1. வலையின் சவ்வில் உட்கார்ந்திருக்கும் அது, மடியாத புரதம் பெருகியதை உணர்ந்ததும், ஹேக்1 என்ற மரபணுச் செய்தியிலிருந்து சரியாக 20 எழுத்துகளை வெட்டி எறிகிறது. ரொட்டி ஈஸ்ட்டில் இதே வேலைக்கு 252 எழுத்துகளை வெட்ட வேண்டும். நம் பூஞ்சைக்கு 20 போதும் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. வெட்டிய செய்தியிலிருந்து பிறக்கும் புரதம் உயிரணுவின் உட்கருவுக்குள் போய், பிப்பையும் பிடிஐயையும் மேலும் செய்யச் சொல்கிறது: ஆள் கூடுகிறது, இடம் விரிகிறது, கெட்டுப்போனவை குப்பைக்குப் போகின்றன. ஈஸ்ட்டில் இந்த வழியைத் தனித்தனியே கண்டறிந்த பீட்டர் வால்டருக்கும் கசுதோஷி மோரிக்கும் 2014-இல் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது கிடைத்தது.

இத்தோடு முடிந்திருந்தால் இந்த வீடியோவே தேவையில்லை. பின்லாந்து ஆய்வாளர்கள் 2003-இல் ரீசியின் வளர்ப்பு நீரில் கந்தக முடிச்சுகளை அவிழ்த்துப் புரதங்களைச் சரியாக மடியவிடாத வேதிப்பொருளைச் சேர்த்துப் பார்த்தார்கள். உதவிப் புரதங்களின் செய்திகள் எதிர்பார்த்தபடி ஏறின. பருத்தி நாரைச் சிதைத்து ஜீன்ஸை வெளுக்க வைக்கும் செல்லுலேஸ் நொதிகளின் செய்திகளோ சரிந்தன. ஆள் கூட்டியதோடு நில்லாமல், தோட்டத்துக்கே போன் போட்டு "இனிப் பூப் பறிக்காதே" என்று சொல்லிவிட்டது பூஞ்சை! இதன் பெயர் சுரப்பு அழுத்த ஒடுக்கம். மரபணுவின் பிரதிகளை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் விளைச்சல் ஓர் இடத்தில் முட்டி நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த ஒடுக்கம் மரபணுவின் முன்னே இருக்கும் தொடக்கிப் பகுதியைப் பொறுத்தது என்பதால், அந்தப் பகுதியை மாற்றி வைப்பது ஒரு வழி.

ஆள் கூட்டும் விசையை நிரந்தரமாகப் போட்டுவிட்டால் என்ன? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆஸ்பர்ஜில்லஸ் நைகர் என்ற மற்றொரு பூஞ்சையின் ஒரு வகையில், ஆள் கூட்டும் அந்த ஹேக் செய்தியை வெட்டிய நிலையிலேயே வைத்தபோது, வேறொரு பூஞ்சையிலிருந்து எடுத்துப் புகுத்திய லாக்கேஸ் நொதி 7 மடங்கு வரை கூடிற்று. ஆனால் பாலாடைக்கட்டிக்கான கன்றின் கைமோசின் நொதி 2.8 மடங்கோடு நின்றது. விசை ஓயாமல் எரிந்தால் பூஞ்சையின் வளர்ச்சியும் குன்றுகிறது.

ரீசியின் புகழ்பெற்ற ரட்-சி30 வகையின் கதை இதைவிட வேடிக்கை. சர்க்கரை கிடைத்தால் "செல்லுலேஸ் வேண்டாம்" என்று தடுக்கும் கிரே1 மரபணு அதில் துண்டிக்கப்பட்டிருக்கிறது. புறஊதாக் கதிரும் வேதிப்பொருளும் கொண்டு தாறுமாறாகத் தாக்கி, பிழைத்தவற்றில் நல்லதைப் பொறுக்கியபோது கிடைத்த உடைசல் அது. நல்ல தொழிலாளி என்று நாம் கொண்டாடுவது, போதும் என்று சொல்லத் தெரியாத பூஞ்சையைத்தான்.

 

தோவாளையில் மாலை கட்டுவோர் யாரேனும் இதைப் பார்த்தால், ஓணக் காலத்தில் பூ மிஞ்சிப்போகும்போது ஆள் கூட்டுவீர்களா, வரத்தை நிறுத்தச் சொல்வீர்களா என்று கீழே எழுதுங்கள்.