யார் கைச்சாத்திட்டார்கள்?

(யாழ்ப்பாணத்தில் உயர்தர அரசறிவியல் மாணவர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, அரசறிவியல் படிக்கும் பிள்ளைகளே, வணக்கம். மக்கள் தமக்குள் செய்த ஓர் ஒப்பந்தத்திலிருந்து அரசு பிறந்தது என்ற சமூக ஒப்பந்தக் கொள்கையைப் பற்றியும், அதை எழுதிய ஹொப்ஸ், லொக், ரூசோ என்ற மூன்று மெய்யியலாளர்களைப் பற்றியும் இன்று பேசப்போகிறேன்.

இந்த மண்டபத்துக்கு வருவதற்கு முன் உங்களில் எத்தனை பேர் படலையைப் பூட்டிவிட்டு வந்தீர்கள்? அலுமாரித் திறப்பை எங்கே வைத்துவிட்டு வந்தீர்கள்? 1651இல் வெளியான 'லெவியதன்' நூலில் தோமஸ் ஹொப்ஸ் தம் வாசகனை ஏறக்குறைய இப்படித்தான் மடக்கினார். சட்டம் இருக்கிறது, காவலர் இருக்கிறார்கள். இருந்தும் பயணம் போகும்போது ஆயுதம் எடுத்துச் செல்கிறாய், இரவில் கதவைத் தாழிடுகிறாய், சொந்த வீட்டுக்குள்ளேயே பெட்டியைப் பூட்டுகிறாய். ஊராரையும் வீட்டாரையும் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்பதை உன் செய்கையே சொல்லவில்லையா என்றார்.

ஹொப்ஸ் பிறந்தது 1588இல், ஸ்பானியக் கடற்படை வரப்போகிறது என்று இங்கிலாந்து நடுங்கிக்கொண்டிருந்த வேளையில். தாய் தன்னையும் அச்சத்தையும் இரட்டையராகப் பெற்றாள் என்று முதுமையில் எழுதினார். 1642இல் உள்நாட்டுப் போர் தொடங்கியது. 1649இல் மன்னனின் தலையையே வெட்டினார்கள். அரசு இல்லாத இயற்கை நிலையில் மனித வாழ்வு தனிமையும் வறுமையும் மிருகத்தனமும் நிறைந்த குறுகிய வாழ்வு என்ற அவருடைய வரியைப் பரீட்சைக்காக எல்லோரும் மனப்பாடம் செய்கிறீர்கள். அதற்குச் சற்று முன்னால் உள்ள வரியையும் வாசியுங்கள். உழைப்பின் பயன் கைக்கு வருமோ வராதோ என்ற நிலையில் அங்கே பயிர்ச்செய்கையே இராது என்கிறார். வெங்காயத்தை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டு ஓடிய ஊர் இது. பதுங்கு குழிக்குள் படுத்திருந்தவர்களுக்கு ஹொப்ஸை விளக்க ஆசிரியர் தேவையில்லை.

அந்த அச்சத்துக்கு அவர் சொன்ன மருந்து, எல்லோரும் தங்கள் உரிமையை ஓர் இறைமையாளனிடம், அதாவது முழு ஆட்சியதிகாரமும் கொண்டவனிடம், ஒப்படைப்பது. ஒப்பந்தம் மக்களுக்குள்ளேதான், இறைமையாளன் அதில் ஒரு தரப்பே அல்ல, ஆகையால் அவன் ஒப்பந்தத்தை மீறினான் என்று யாரும் வழக்குப் பேச முடியாது. ஆனால் ஹொப்ஸ் ஒரு கதவைத் திறந்தே வைத்தார். காப்பாற்றும் வலிமை ஆட்சிக்கு இருக்கும்வரைதான் கீழ்ப்படிவும் இருக்கும். கொல்ல வருபவனிடமிருந்து உயிரைக் காக்கும் உரிமையை எந்த ஒப்பந்தத்தாலும் ஒருவன் விட்டுக்கொடுக்க முடியாது. இதை எழுதாமல் அவரைச் சர்வாதிகாரத்தின் வக்கீல் என்று மட்டும் எழுதும் விடைக்கு நான் பாதிப் புள்ளிதான் போடுவேன்.

ஜோன் லொக் வேறு விதமான மனிதனைக் கண்டார். அரசு தோன்றுவதற்கு முன்பே மனிதனுக்குப் பகுத்தறிவு உண்டு. பிறருடைய உயிரையும் உடலையும் உடைமையையும் கெடுக்கலாகாது என்பது அவனுக்குத் தெரியும். குறை எதுவென்றால், சண்டை வந்தால் தீர்க்க நடுவர் இல்லை. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்கும் மனிதன் நிதானம் தவறுவான். அதற்காகத்தான் அரசு. அது மக்கள் நம்பி ஒப்படைத்த பொறுப்பு. நம்பிக்கை கெட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மரநாயும் நரியும் செய்யும் கேட்டுக்கு அஞ்சியவர்கள், சிங்கம் தங்களை விழுங்குவதைப் பாதுகாப்பு என்று நினைப்பார்களா என்று அவர் கேட்டார். வல்லாட்சிக்கு எதிராக இதைவிடக் கூர்மையான கேள்வியை நான் வாசித்ததில்லை.

உழைப்பைக் கலந்த நிலம் உழைத்தவனுடையது என்ற அவருடைய வாதமும் நமக்கு அந்நியமல்ல. சுண்ணக்கல்லை உடைத்துக் கிணறு வெட்டி, துலா மிதித்து, செம்மண்ணைத் தோட்டமாக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். 1990இல் போரால் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களில் பலர், இராணுவத்தின் பிடியில் இருந்த தங்கள் காணியை மீண்டும் மிதிக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். லொக்கின் கணக்கில் அது வெறும் காணிப் பிரச்சினை அல்ல; அரசு எதற்காக இருக்கிறது என்ற கேள்வி.

லொக்கிடம் எனக்கு இரண்டு மனத்தாங்கல்கள் உண்டு. முதலாவது, சம்மதம் பற்றியது. ஒரு நாட்டின் நெடுஞ்சாலையில் நடப்பதே அந்த ஆட்சிக்கு மறைமுகச் சம்மதம் என்றார். கண்டி வீதியில் எத்தனை சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன்! நான் எதற்குச் சம்மதித்தேன்? ஸ்கொட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 1748இல் இதற்கு விடை எழுதினார்: தூக்கத்தில் கப்பலில் ஏற்றப்பட்டவன், கடலுக்குள் குதிக்காமல் இருக்கிறான் என்பதற்காகக் கப்பல் தலைவனுக்குச் சம்மதம் கொடுத்தவன் ஆகிவிடுவானா? வேலோடு நிற்பவன் 'கொடு' என்பதும் கோலோடு நிற்பவன் கேட்பதும் ஒன்றே என்று வள்ளுவரும் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது மனத்தாங்கல் பெரியது. மனிதர் யாவரும் இயல்பில் சுதந்திரர் என்று எழுதிய இதே லொக், அமெரிக்காவிலிருந்த ஆங்கிலேயக் குடியேற்றமான கரோலைனாவின் 1669ஆம் ஆண்டு அரசியலமைப்பை வரைவதில் பங்கெடுத்தார். சுதந்திரக் குடிமகன் ஒவ்வொருவனுக்கும் தன் கறுப்பின அடிமைகள்மீது முழு அதிகாரம் உண்டு என்கிறது அந்த ஆவணம். அடிமை வாணிபக் கம்பனியிலும் அவர் பணம் போட்டிருந்தார்.

லொக்கை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் வீட்டுக்குப் போக முடியாது. நம்முடைய வழக்காற்றுச் சட்டமான தேசவழமை 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்டது. பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்த்துச் சரியென்றார்கள். சீதனம், முதுசம், தேடிய தேட்டம் என்று சொத்தை வகைபிரித்து நுட்பமாகப் பேசும் அதே தொகுப்பில் அடிமைகளுக்கும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. யாரைப் பற்றி அந்த அத்தியாயம் எழுதப்பட்டதோ அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். ஒழிந்தது சட்டத்தில் மட்டும்தான் என்பது உங்கள் பாட்டன்மாருக்குத் தெரியும்.

ரூசோவுக்கு வருகிறேன். 1755இல் அவர் எழுதினார்: ஒரு நிலத்தைச் சுற்றி வேலி அடைத்து 'இது என்னுடையது' என்று முதலில் சொன்னவனே, அதை நம்பும் அப்பாவிகளும் கிடைத்ததால், சமூகத்தை நிறுவியவன். யாராவது அந்தக் கதியால்களைப் பிடுங்கி எறிந்திருந்தால் எத்தனை கொலைகள் தவிர்ந்திருக்கும் என்றார். கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்காகத் தலைமுறை தலைமுறையாய்ப் பேசாமல் இருக்கும் சகோதரர்களை நான் அறிவேன். உலகமும் அரசும் தோன்றிய கதையைச் சொல்லும் பௌத்தர்களின் பாளி நூலான 'அக்கஞ்ஞ சுத்த'த்திலும் இதே வரிசைதான்: நெல்லைச் சேர்த்து வைத்தார்கள், வயலுக்கு எல்லை போட்டார்கள், களவு வந்தது, பிறகுதான் ஒருவனைத் தெரிந்தெடுத்து நெல்லில் பங்கு தருவதாகச் சொல்லி ஆளச் சொன்னார்கள். மனிதன் கெட்டவனாகப் பிறக்கவில்லை, கெட்டவனாக ஆக்கப்பட்டான் என்றார் ரூசோ. 1762இல் அவர் எழுதிய 'சமூக ஒப்பந்தம்' ஜெனீவாவில் எரிக்கப்பட்டது. பொது விருப்பு, அதாவது பொதுநலத்தை நாடும் சமூகம் முழுவதற்குமான விருப்பம், பற்றிய அவருடைய கருத்து எனக்கு அச்சம் தருகிறது. அதன் பெயரைச் சொல்லித் தனிமனிதனின் வாயை அடைக்கலாம். ஆனால் அமைதி கிடங்கறைச் சிறையிலும் கிடைக்கும் என்று அவர் எழுதிய வரியை நான் மறக்க விரும்பவில்லை.

இந்த மூவரில் யார் சொன்னது சரி? என் கண் கண்டதைச் சொல்கிறேன். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, இராணுவம் நெருங்கியதால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, மழைக்குள், நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த கூட்டத்தில் நானும் நின்றேன். அன்று வீதியில் எங்களை ஒழுங்குபடுத்த ஆள் இல்லை. வாள் இல்லாத உடன்படிக்கை வெறும் சொல் என்பது ஹொப்ஸின் வாக்கு. ஆனால் கிழவிகளைத் தூக்கிச் சென்றார்கள். பாலத்துக்கு அப்பால், தென்மராட்சியில், முன்பின் அறியாதவர்களுக்கு வீடுகளைத் திறந்துவிட்டார்கள்.

அதைச் சொல்லும்போது இதையும் சொல்லவேண்டும். அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, சோனகத்தெருவின் முஸ்லிம் மக்கள் சில மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் கட்டளையிட்டார்கள். நாங்கள் வேலிக்குள் நின்றோம். நானும்தான். மனிதன் நல்லவனா கெட்டவனா என்று மூவரும் வாதாடுகிறார்கள். யாரை மனிதன் என்று எண்ணிக்கொண்டு வாதாடுகிறீர்கள் என்று அவர்களைக் கேட்க அந்த நாள்தான் எனக்குக் கற்றுத்தந்தது.

தென்மராட்சியில் நாங்கள் தங்கிய வளவில் பதினான்கு குடும்பங்களுக்கு ஒரு கிணறு. முதல் நாளே சண்டை வந்தது. மறுநாள் பெரியவர்கள் கூடி முறை வைத்தார்கள்: கைக்குழந்தை உள்ளவர்கள் முதலில், பிறகு நோயாளிகள், குளிப்பு இரவில். எழுதி வைக்கவில்லை, கைச்சாத்திடவில்லை. ஒரு குடும்பத்துக்கு மட்டும் முறை இல்லை. அவர்கள் வாளியோடு தள்ளி நின்றார்கள், யாராவது ஊற்றவேண்டும் என்றார்கள் நம்மவர்கள். இரண்டு நாட்கள் அப்படியே போனது. மூன்றாம் நாள் வளவுக்குச் சொந்தக்கார அம்மா வந்து, துலாக்கயிற்றை அந்தக் குடும்பத்துப் பெண்ணின் கையில் கொடுத்து, 'நீயே அள்ளு, பிள்ளை' என்றார். இரண்டு குடும்பங்கள் அன்றோடு அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுப்பதை நிறுத்திவிட்டன. முறைகள் பன்னிரண்டாகக் குறைந்தன. மறுநாள் விடியற்காலை முதல் முறை அந்தக் குடும்பத்துடையது. அவர்களிடம் ஒரு கைக்குழந்தை இருந்தது.