வாழ்நாள் முழுவதையும் அளக்கும் அறிவியல்

நேயர்களுக்கு வணக்கம். மனித மரபணுத் தொகுதியைப் படித்தறியும் பன்னாட்டுத் திட்டம் 2003-இல் நிறைவுற்றபோது, நோய்களின் மூலகாரணங்கள் பிடிபட்டுவிடும் என்ற எதிர்பார்ப்பு பரவலாக இருந்தது. ஆனால் புற்றுநோய், இதயநோய், ஆஸ்துமா போன்றவற்றை மரபணுக்களைக் கொண்டு மட்டும் விளக்க முடியவில்லை. 2005-இல் கிறிஸ்டோபர் வைல்டு என்ற புற்றுநோய் ஆய்வறிஞர், ஒருவர் கருவான நாள் முதல் சுவாசிக்கும் காற்று, பருகும் நீர், உண்ணும் உணவு, செய்யும் தொழில், சுமக்கும் மன அழுத்தம் ஆகிய அனைத்தின் வாழ்நாள் தொகுப்புக்கு ‘எக்ஸ்போசோம்’ என்று பெயரிட்டு, அதையும் மரபணுவுக்கு இணையான நுட்பத்துடன் அளக்க வேண்டும் என்று வலியுறுத்தினார்.

அளப்பதுதான் கடினம். பிறவியில் அமைந்த மரபணு வரிசையை ஒருமுறை படித்தால் பெரும்பாலும் போதும். புறச்சூழலோ நாள்தோறும் மாறுகிறது. ஈயத்தையே எடுத்துக்கொள்வோம். ரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகிவிடுகிறது. எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கிவிடுகிறது. ஆகவே ஒருவரின் இன்றைய ரத்தப் பரிசோதனையிலிருந்து அவருடைய குழந்தைப் பருவத்தை அறிய இயலாது. இதற்கு அறிவியலாளர்கள் கண்ட வழிகளுள் என்னை மிகவும் வியக்க வைப்பது, விழுந்த பால்பற்களை ஆராய்வது. தாயின் வயிற்றிலேயே உருவாகத் தொடங்கும் அப்பற்கள், மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல அடுக்கடுக்காக வளர்கின்றன. லேசர் கொண்டு அந்த அடுக்குகளை ஆராய்ந்தால், பிறப்பதற்கு முன் சேர்ந்த ஈயத்தையும் பின்னர் சேர்ந்ததையும் பிரித்தறியலாம்.

இத்தகைய ஆய்வு ஒரு நாட்டின் எல்லைக்குள் முழுமை பெறாது. ஓர் ஊரில் அனைவரும் ஏறக்குறைய ஒரே காற்றைச் சுவாசிக்கும்போது, அந்தக் காற்றின் விளைவை யாரோடு ஒப்பிட்டுக் கண்டறிவது? அதனால்தான் ஹெலிக்ஸ் என்ற ஐரோப்பியத் திட்டம், பிரிட்டன், பிரான்ஸ், ஸ்பெயின், லித்துவேனியா, நார்வே, கிரீஸ் ஆகிய ஆறு நாடுகளின் தாய்-சேய் ஆய்வுக் குழுக்களை ஒன்றிணைத்தது. ஜப்பானில் 2011 முதல் சுமார் 1,00,000 கர்ப்பிணிகளைச் சேர்த்து, அவர்களுடைய குழந்தைகளின் வளர்ச்சியைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். வினாக்களும் மாதிரிகளைப் பாதுகாக்கும் முறைகளும் நாட்டுக்கு நாடு வேறுபட்டால் இத்தரவுகளை ஒப்பிட முடியாது என்பதால், பொதுவான அளவீட்டு நெறிகளை வகுப்பதே கூட்டு முயற்சியின் முதல் வேலையாகிறது.

எனினும் இத்தரவுகளில் பெரும்பகுதி செல்வந்த நாடுகளிலிருந்தே வருகிறது என்பது எனக்குப் பெரும் கவலை. விறகுப் புகையும் தொழிற்சாலைக் கழிவும் மக்களை மிகுதியாகத் தாக்கும் நாடுகளில்தான் அளவீடுகள் மிகக் குறைவு. அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியதோடுதான் வாகனங்களுக்கான ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை உலகெங்கும் முடிவுக்கு வந்தது. பல செல்வந்த நாடுகள் அதை ஏற்கெனவே இருபது ஆண்டுகளுக்கு முன்பே கைவிட்டிருந்தன. அந்த இடைவெளியில் ஏழை நாடுகளில் வளர்ந்த குழந்தைகள் இன்று இளைஞர்கள். அவர்களுடைய ரத்த மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பினால் மட்டும் போதாது. அவற்றை ஆராயும் ஆய்வகங்களும் பயிற்சி பெற்ற அறிவியலாளர்களும் அந்த நாடுகளிலேயே உருவாகவும், மாதிரி கொடுத்தவர்களுக்கு அதன் முடிவு தெரிவிக்கப்படவும் கூட்டு நிதியில் இப்போதே இடம் ஒதுக்க வேண்டும்.