தேனீ பி.எஃப். பிடிக்குமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "மலைக் கிராமத்து இளைஞருக்கு எதிர்காலம் காட்டிலா, நகரத்திலா?" நான் காட்டுப் பக்கம்.

எதிரணித் தலைவர் ஐயா போற போக்குல ஒண்ணு கேட்டுட்டுப் போனாங்க. "திருப்பூர் பனியன் கம்பெனி மாசம் பொறந்தா சம்பளம் போடுது, பி.எஃப். பிடிக்குது. உங்க தேனீ சம்பளம் போடுமா? பி.எஃப். பிடிக்குமா?" கைத்தட்டல் பந்தலைப் பிச்சுக்கிட்டுப் போச்சு. நானும் தட்டினேன், நல்ல கேள்வி.

பிடிக்கும் ஐயா! நீலகிரிப் பாறையில தொங்குற மலைத்தேனீ அடையைப் பாருங்க. ஒரு கூட்டத்துக்கு ஒரே அடைதான். மேல தடிச்சு நிக்கறது தேன். அதுக்குக் கீழ மகரந்தம், அதுக்கும் கீழ முட்டையும் புழுவும். விவரம் தெரிஞ்சவர் தேன் பாகத்தை மட்டும் அறுப்பார், புழுப் பாகத்தைத் தொடமாட்டார். கூட்டம் அங்கேயே தங்கும். பூ இருந்தா அதே அடையில மறுபடியும் தேன் கட்டும். அறுக்காம விட்டாரே, அதுதான் ஐயா பி.எஃப்.! மொத்தத்தையும் வழிச்செடுத்துக் கையால பிழிஞ்சு டின்ல ஊத்துறான் பாருங்க, அவன் வேலைக்குச் சேர்ந்த மறுநாளே பி.எஃப். பணத்தை எடுத்துத் தின்னவன்.

அப்படிப் பிழிஞ்ச தேன் என்ன ஆகும்? ஒரு மலைக் கிராமத்துத் தாத்தா அதைப் பிளாஸ்டிக் பாட்டில்ல அடைச்சு அடிவாரத்துக் கடைக்கு அனுப்பினார்னு வெச்சுக்குங்க. நாலு நாள் பாட்டில் சும்மா இருந்துச்சு. அஞ்சாம் நாள் லேசா வயிறு தள்ளுச்சு. பத்தாம் நாள் அடியும் உருண்டு நிக்க மாட்டேங்குது, கடைக்காரர் ஒருக்களிச்சுப் படுக்க வெச்சார். பதினஞ்சாம் நாள் டப்! சுகப்பிரசவம்! மூடி ஃபேன் மேல, தேன் கடைக்காரர் தலை மேல. நாக்கை நீட்டி நக்கிப் பார்த்துட்டுப் போனைப் போட்டார்: "யோவ், தேன் அனுப்புனியா, கள்ளு அனுப்புனியா?"

தாத்தா, "தேனுக்குக் காத்து சேந்திருச்சு"ன்னார். பாட்டி, "கண்ணு பட்டிருச்சு"ன்னாங்க. ஐ.டி.ஐ. முடிச்சுட்டுத் திருப்பூர் பஸ்ஸுக்குப் பை தூக்கின பேரன் மட்டும் பையை இறக்கி வெச்சான். ரிஃப்ராக்டோமீட்டர்னு ஒரு கைக்குழாய். கண்ணாடியில ரெண்டு சொட்டுத் தேன், காத்துக்குமிழ் வராம மேல்மூடியை அமுத்து, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணுல வை. நீலமும் வெள்ளையும் பிரியற கோடு எங்க நிக்குதோ அதுதான் ஈரப்பதம். கோடு 24ல நின்னுச்சு. சட்டப்படி 20 சதவீதம் தாண்டக் கூடாது. தாண்டினா தேன்ல தூங்குற ஈஸ்ட்ங்கிற நுண்ணுயிர் முழிச்சுக்கும், சர்க்கரையைத் தின்னு கரியமில வாயு விடும். பாட்டி சொன்ன கண்ணு இந்த ஈஸ்ட்தான்!

"தாத்தா, மூடாத அறையை ஏன் அறுத்தே? தேனீ றெக்கையால விசிறி வத்த வெச்சு, பதம் வந்த பிறகுதான் மெழுகால மூடும். முக்கால்வாசி மூடின அடையா பாரு. பிழியாதே, புழுச்சாறும் மகரந்தமும் கலந்து புளிக்கும். மூடியைக் கத்தியால சீவி, துணியில வெச்சுத் தானா வடியவிடு. எவர்சில்வர் பாத்திரத்துல இறுக்கி மூடு, திறந்து கிடந்தா மழைக்காலக் காத்துல இருக்கிற ஈரத்தையும் தேன் குடிச்சிடும். அதுக்காக அடுப்புல ஏத்திக் காய்ச்சிடாதே, மணம் போயிடும், பரிசோதனையிலயும் மாட்டிக்குவே."

தாத்தா சொன்னார்: "போடா! இதைத்தான் எங்கப்பன் 'மூடின தேனை எடு'ன்னு மூணே வார்த்தையில சொன்னான்."

பாறையில இறங்கத் தாத்தாவுக்குத் தெரியும், அளக்கப் பேரனுக்குத் தெரியும். எதிரணி பாறையை மட்டும் பார்த்துப் பயந்துட்டாங்க. காட்டை அமுக்குற உண்ணிச்செடியைக்கூட விடலை ஐயா நம்ம ஆளுங்க! குச்சியைக் கொதிக்க வெச்சு, பட்டை உரிச்சு, கம்பிக் கூட்டுல வளைச்சுக் கட்டின நீலகிரி யானைச் சிலைங்க 2021ல லண்டன் பூங்காவுல நின்னுச்சு. 2006 வன உரிமைச் சட்டம் தேன், மூங்கில் மாதிரி சிறு வன மகசூலுக்கு உரிமையே குடுத்திருக்கு. கிராம சபையில மனு வைக்கணும், எல்லை காட்டணும். எந்த ஓடை, எந்தப் பாறைன்னு தாத்தா சொல்வார். அதைப் போன்ல குறிச்சு வரைபடமாக்க ஆள் வேணுமில்ல?

மணி அடிச்சுட்டீங்க. ஒரே நிமிஷம், நடுவர் அவர்களே. சம்பளக் கணக்கை ஐயாவுக்கே விட்டுடறேன்.

நீலகிரியில பாறைத் தேன் எடுக்க ஒருத்தர் கொடி ஏணியில இறங்கினா, மேல கயிறு காக்கிறது மைத்துனன். பெத்தவனையும் கூடப்பொறந்தவனையும் விட்டுட்டு ஏன் மைத்துனன்? அக்கா தாலி அந்தக் கயித்துல தொங்குது, விடமாட்டான். இருட்டு, புகை, காதைச் சுத்தித் தேனீ, காலுக்குக் கீழ பள்ளத்தாக்கு. தொங்குறவர் தேனீயைச் சமாதானம் பண்ணப் பாடிக்கிட்டே அறுக்கறார். நடுவுல பாட்டை நிறுத்தி அண்ணாந்து கேக்கறார்: "மச்சான், இருக்கியா?"

மச்சான் திருப்பூர்ல நைட் ஷிஃப்ட்ல இருக்கான், ஐயா. பி.எஃப். பிடிச்சுட்டாங்க. கயித்தைத்தான் யாரும் பிடிக்கலை.

வணக்கம்.