பத்து மாத ராஜாவும் முந்நூறு வருஷப் பாட்டும்

எல்லோருக்கும் வணக்கம்.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மராட்டியரின் போர்க் கோட்டைகள் என்று 12 கோட்டைகளைச் சேர்த்து எடுத்தார்கள். 11 மகாராஷ்டிரத்தில், மிச்சம் ஒன்று நம்முடைய செஞ்சி. கணக்கு சரிதான், 1677இல் சிவாஜி இதைப் பிடித்துப் பலப்படுத்தியது உண்மை. ஆனால் திண்டிவனத்தில் பஸ் ஏறி, பக்கத்து சீட்டுக்காரரிடம் அது யார் கோட்டை என்று கேட்டுப் பாருங்கள். "தேசிங்கு ராஜா கோட்டை" என்பார். கோனார்கள், நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான்கள், மராட்டியர், முகலாயர், ஆற்காட்டு நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என இத்தனை பேர் கையில் இருந்த கோட்டை. பெயரைத் தட்டிக்கொண்டு போனவனோ 1714இல் ஏறக்குறைய பத்து மாதம் அங்கே இருந்த ஒரு பையன்.

அவன் இந்த ஊர்க்காரனும் இல்லை. புந்தேல ராஜபுத்திரன்; பெயர் தேஜ் சிங், அதுதான் நம் வாயில் தேசிங்கு ஆனது. அப்பா சொரூப் சிங் முகலாயர் சார்பில் கோட்டைக்குப் பொறுப்பாக வந்தவர். அவர் இறந்ததும் மகன் வந்து உட்கார்ந்தான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பழைய பாக்கியைக் கேட்டார். இவன் கட்ட மறுத்தான். அக்டோபரில் சில நூறு குதிரை வீரர்களோடு நவாபின் பெரும்படைமீது பாய்ந்து செத்தான். வயது 22 என்கிறார்கள்.

இதை விடுதலைப் போராகப் பேசுகிற மேடைகள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மேலே கட்ட மறுத்தான் என்பதால், கீழே குடியானவனிடம் வாங்குவதை நிறுத்திவிட்டான் என்று ஆகாது. ஆனால் தேசிங்கைப் பற்றிய கதைப் பாட்டைக் கேட்ட ஊர் இந்தக் கணக்கையெல்லாம் பார்க்கவில்லை. வரி கேட்டு வந்தவனை ஒருத்தன் எதிர்த்து நின்றான் என்பதே, வரி கட்டிச் சலித்த ஊருக்குப் போதுமானதாக இருந்தது.

சரி, எதிர்த்தவர்கள் நிறையப் பேர். இவனை மட்டும் ஏன் பாடினார்கள்? கதைக்குள் போனால் தெரியும். தில்லி பாதுஷாவின் அடங்காத குதிரையை அடக்கப் போன அப்பா தோற்றுச் சிறையில் கிடக்கிறார். மகன் போய் அடக்கி மீட்டு வருகிறான். போருக்குமுன் சிங்கவரம் ரங்கநாதரிடம் உத்தரவு கேட்கிறான். பெருமாள் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இவன் கேட்கவில்லை. சிங்கவரத்துக் குடைவரையில் பள்ளிகொண்ட பெருமாளின் முகம் திரும்பியிருப்பதற்கு இன்றைக்கும் இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். பல்லவர் காலத்துச் சிற்பத்துக்கு 18ஆம் நூற்றாண்டுக் காரணம்! தலபுராணத்தையே திருத்துகிற பலம் கதைக்கு இருக்கிறது.

ஆனாலும் பாட்டின் உயிர் மோவுத்துக்காரனிடம் இருக்கிறது என்பேன். பாட்டு அப்படி அழைப்பது மகபத் கானை; தேசிங்கின் நண்பன், முஸ்லிம். வழுதாவூரில் அவனுக்குக் கல்யாணம் நடக்கும்போது சேதி வருகிறது. பந்தலை விட்டுக் குதிரையேறி வந்து நண்பனோடு சேர்ந்து சாகிறான். ராஜாவின் சண்டை அவனுக்கும் நவாபுக்கும் நடந்தது. இவனுக்கு அதில் லாபம் ஒன்றுமில்லை, நவாபின் மதம்தான் இவனுக்கும். அப்படியும் வந்தான். கேட்கிறவன் கலங்குகிற இடம் இது. இந்தச் சீமையில் திரௌபதி அம்மனுக்கே முத்தால ராவுத்தர் என்ற முஸ்லிம் வீரர் காவல் நிற்கிறார், ஆகவே மோவுத்துக்காரனை யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை.

அப்புறம் ராணி. அவள் உடன்கட்டை ஏறினாள் என்கிறது கதை. அவள் நினைவாக நவாப் வைத்த பெயரே ராணிப்பேட்டை என்பது வழக்கு. பாட்டுக்கு இது பெருமை. எனக்கு அவ்வளவு எளிதாக அதைப் பாராட்ட முடியவில்லை.

இந்தக் கதை நம்மிடம் வந்து சேர்ந்த வழியும் முக்கியம். வாய்ப்பாட்டாக இருந்தது, பெரிய எழுத்துப் புத்தகமாகத் திருவிழாக் கடைகளில் விற்றது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் ராகம் போட்டு வாசிக்க, திண்ணையே கேட்கும். வட மாவட்டங்களில் தெருக்கூத்தாக விடிய விடிய நடந்தது. கூத்தில் தேசிங்கு சாக ராத்திரி முழுவதும் ஆகும், யாருக்கும் அவசரமில்லை.

1960இல் சினிமா எடுத்துக்கொண்டது. 'ராஜா தேசிங்கு' படத்தில் எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம்: தேசிங்கும் அவரே, படத்தில் அவனுக்குச் சகோதரனாக வரும் தாவூத் கானும் அவரே. நட்சத்திரம் ஒருவரே இரண்டு பக்கமும் நின்றால் நண்பனுக்கு இடம் சுருங்கத்தானே செய்யும்? பாட்டில் இரண்டு பேர் சுமந்த கதையைத் திரையில் ஒருவர் சுமக்க வேண்டியதாயிற்று. 2013இல் 'தேசிங்கு ராஜா' என்று ஒரு நகைச்சுவைப் படமும் வந்தது. அதற்கும் செஞ்சிக்கும் சம்பந்தமில்லை. வண்டியை முறுக்கிக்கொண்டு பறக்கிற பையனை "பெரிய தேசிங்கு ராஜான்னு நெனப்பு" என்று திட்டுகிறோமே, அதில்கூட அந்தக் குதிரை கொஞ்சம் ஓடுகிறது. படத்தலைப்பில் அதுவும் இல்லை.

உலகப் பட்டியலுக்காகக் கோட்டையில் புதிய பலகைகள் வரும், வரட்டும். மராட்டியர் பெயர் இருக்கும், தேசிங்கு பெயரும் கட்டாயம் இருக்கும். பக்கத்தில் நீலாம்பூண்டியில் மோவுத்துக்காரனுக்கும் குதிரைக்கும் சமாதி என்று மக்கள் காட்டுகிற இடம் இருக்கிறது. அங்கே போக வழிகாட்டும் பலகை ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். இந்தக் கூட்டத்திலேயே மனு எழுதினால் முதல் கையெழுத்து நான் போடுகிறேன். இனி நீங்கள் கேளுங்கள்.