இரண்டு தோழிகளும் ஒரு மைக்கும்

வணக்கம் நேயர்களே. அமெரிக்காவில் 2015-ல் ‘அனதர் ரவுண்ட்’ என்று ஒரு பாட்காஸ்ட் வந்தது. பாட்காஸ்ட் தெரியும்தானே, நினைத்த நேரத்தில் போனில் கேட்டுக்கொள்கிற நிகழ்ச்சி. அதை நடத்தியவர்கள் ஹெபன் நிகாட்டு, டிரேசி கிளேட்டன் என்ற இரண்டு கறுப்பினத் தோழிகள். ஹெபன் எத்தியோப்பியக் குடும்பத்துப் பெண், டிரேசிக்குச் சொந்த ஊர் கென்டக்கியில் லூயிவில். ஆளுக்கொரு கிளாஸ் மதுவோடு உட்கார்ந்து பாட்டு, டிவி தொடர், தலைமுடி, தேர்தல், போலீஸ் என்று பேசிக்கொண்டே போவார்கள். ஆமாம், மதுதான். இங்கே எனக்குக் கொடுத்திருப்பது வெந்நீர்.

இதெல்லாம் வெட்டி அரட்டை என்று சொல்பவர்களிடம் நான் எப்போதும் ஒரு பேட்டியைப் பற்றிச் சொல்வேன். 2015 அக்டோபர். ஜனாதிபதி வேட்பாளராக ஓட்டுக் கேட்டுச் சுற்றிக்கொண்டிருந்த ஹிலாரி கிளின்டன் இவர்களுக்குப் பேட்டி கொடுத்தார். கொடுக்காமல் முடியுமா, அவருடைய ஜனநாயகக் கட்சிக்குக் கைவிடாமல் ஓட்டுப் போடுகிறவர்கள் கறுப்பினப் பெண்கள்தானே. சரி, இவர்கள் என்ன கேட்டார்கள்? உங்களுக்கு வியர்ப்பதே இல்லையே, என்ன டியோடரன்ட் போடுகிறீர்கள், நீங்கள் ரோபோவா என்று கேட்டார்கள். அம்மணியும் சளைக்கவில்லை, ஆமாம், என்னைப் பாலோ ஆல்டோவில் (கலிபோர்னியாவில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த ஊர்) ஒரு கராஜில் செய்தார்கள் என்று விட்டார் ஒரு போடு. பத்திரிகைகள் அதைப் பெரிதாகப் போட்டன.

ஆனால் நான் சொல்ல வந்தது அதையல்ல. அதே பேட்டியில் ஹெபன் இன்னொன்றும் கேட்டார். உங்கள் கணவர் பில் கிளின்டன் ஜனாதிபதியாக இருந்தபோது 1994-ல் கையெழுத்துப் போட்ட குற்றத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே, மூன்றாவது முறை வன்குற்றத்தில் மாட்டினால் ஆயுள் தண்டனை, புதுச் சிறைகள் கட்ட மாநிலங்களுக்குக் கோடி கோடியாகப் பணம், அந்தக் காலத்துக் கொள்கைகளையெல்லாம் வைத்துக்கொண்டு, கறுப்பின மக்களின் இன்றைய நிலைமையைப் பார்த்தால் ‘இவர்கள் வாழ்க்கையை நாமல்லவா பாழாக்கிவிட்டோம்’ என்று உங்களுக்கு எப்போதாவது தோன்றியதுண்டா என்று நேருக்கு நேர் கேட்டார். நடுவில் ஒரு கெட்ட வார்த்தையும் உண்டு, அதை இங்கே சொன்னால் அடுத்த முறை என்னைக் கூப்பிட மாட்டார்கள்.

ஹிலாரியின் பதில் அரசியல்வாதியின் பதில்தான், அதை விடுங்கள். எனக்குக் கேள்விதான் முக்கியம். உள்ளே போனது அப்பாவும் அண்ணனும் தம்பியும் என்றால், வெளியே இருந்து வக்கீலுக்குப் பணம் புரட்டி, சிறையிலிருந்து வரும் போன் அழைப்புக்கும் காசு கட்டி, பிள்ளைகளை வளர்த்தது பெண்கள். அந்தப் பெண்கள் சாப்பாட்டு மேசையில் கேட்டுக்கொள்கிற கேள்வி அது. தோழியோடு பேசுகிற அதே குரலில் ஹெபன் அதை வேட்பாளரிடமே கேட்டார்.

அப்புறம் தலைமுடி. தலைமுடியில் என்ன அரசியல் என்று கேட்பீர்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கேபி டக்ளஸ், 16 வயதுப் பெண், ஜிம்னாஸ்டிக்ஸ் தனிநபர் ஆல்ரவுண்ட் தங்கம் வாங்கினாள். கறுப்பினப் பெண் ஒருத்தி அதை வாங்கியது அதுதான் முதல் தடவை. ட்விட்டரில் என்ன பேச்சு? அவள் முடி படியவில்லையாம், கிளிப் சரியில்லையாம். அப்படி எழுதியவர்களில் கறுப்பினப் பெண்களும் நிறையப் பேர். எனக்கு அது வெறும் பொறாமையாகத் தெரியவில்லை. கறுப்பின வீடுகளில் ஞாயிறு சர்ச்சுக்குப் போக வேண்டுமென்று சனிக்கிழமையே அம்மா இரும்புச் சீப்பை அடுப்பில் காய்ச்சி, ‘காதை மடக்கிப் பிடி’ என்று சொல்லிச் சுருட்டை முடியை இழுத்து நீட்டுவாள். லேசாகப் புகை வரும், பிள்ளை தலையை ஆட்டினால் காது பொசுங்கிவிடும். கலைந்த தலையோடு போனால் பள்ளியும் வேலையும் கைவிட்டுப் போகும் என்ற பயம் அப்படித் தலைமுறை தலைமுறையாக வந்தது. பயம் பொய்யும் இல்லை. பின்னலுக்காகவும் சுருட்டை முடிக்காகவும் ஆளை ஒதுக்கக் கூடாது என்று கலிபோர்னியா முதன்முதலாகச் சட்டம் போட்டதே 2019-ல்தான். தோழிகள் இருவருக்குள் இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை, பாதி சொன்னால் மீதி புரிந்துவிடும். நாம் ஒட்டுக் கேட்கிறவர்கள், நாம்தான் கொஞ்சம் தேடிப் படிக்க வேண்டும்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையைக் காட்டுகிறார்கள். செரீனா வில்லியம்ஸ் கதையைச் சுருக்கமாகவாவது சொல்லிவிடுகிறேன். 2017-ல் பிரசவத்துக்கு மறுநாள் அவருக்கு மூச்சுத் திணறியது. முன்பே ரத்தக்கட்டி வந்தவர், அதனால் ஸ்கேன் எடுங்கள் என்று அவரே சொல்லியும், மருந்து மயக்கத்தில் உளறுகிறார் என்று நர்ஸ் நினைத்தாராம். கடைசியில் ஸ்கேனில் நுரையீரலில் ரத்தக்கட்டிகள். பணமும் புகழும் இருக்கிற செரீனாவுக்கே இப்படி. அமெரிக்காவில் பிரசவத்தை ஒட்டி இறக்கும் ஆபத்து வெள்ளையினப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களுக்கு ஏறக்குறைய 3 மடங்கு.

1972-ல் ஜனாதிபதி வேட்பாளராக நிற்கக் கிளம்பிய கறுப்பினப் பெண் ஷெர்லி சிசம் பற்றியும், சென்னையில் பிறந்த சியாமளா கோபாலன் தன் மகள்கள் கமலா ஹாரிஸையும் மாயாவையும் கறுப்பினப் பெண்களாகவே வளர்த்ததைப் பற்றியும் நிறையக் குறித்து வைத்திருந்தேன். நேரம் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டால் சியாமளாவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வணக்கம்.